கேள்வி கேட்டாலே கெட்டுப்போவாளா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. இளைஞர்களின் மதுப் பழக்கம் பற்றி ஆய்வு செய்யும் ஒரு குழு, அவள் படிக்கும் பள்ளி வழியாக ஒப்புதல் படிவம் அனுப்பியிருக்கிறது. இப்போது தொடங்கி அவளுக்கு 25 வயது ஆகும்வரை வருடத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் கொடுப்பார்களாம். ‘நீ எப்போதாவது குடித்திருக்கிறாயா, ஒரே நேரத்தில் எவ்வளவு’ என்றெல்லாம் கேட்பார்களாம். அவளுக்கு அந்த நினைப்பே கிடையாது. நாமே போய் நினைவூட்டுகிற மாதிரி ஆகிவிடாதா? அவள் சொல்லும் பதில்களைப் பெற்றோருக்குக் காட்ட மாட்டோம் என்றும் போட்டிருக்கிறார்கள். எங்களிடமே மறைக்கிற ஓர் ஆய்வில் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது? என் கணவர், “குடிக்கிற பிள்ளைகளைப் போய்க் கேட்கட்டும், நம் பெண் எதற்கு?” என்கிறார். 11 வருடம் பின்னாலேயே வந்து அப்படி என்னதான் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளைஞர்களை வருடக்கணக்கில் பின்தொடரும் உடல்நல ஆய்வுகளின் தரவை அலசுவதுதான் என் தொழில். ஒரு பிள்ளை விலகினாலும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் ‘சேருங்கள்’ என்று சொல்கிற பக்கமாகத்தான் என் மனம் சாயும். அதைக் கழித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

நினைவூட்டிவிடுவோமோ என்ற பயம் நியாயமானது. ஆய்வாளர்களுக்கும் அதே பயம் இருந்தது, அதனால் அதையே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதியிடம் குடி பற்றி விரிவாகக் கேட்பார்கள், இன்னொரு பாதியைக் கேட்காமல் விடுவார்கள். சில மாதம் கழித்து இரு தரப்பையும் ஒப்பிடுவார்கள். இப்படிப்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் அலசல் 2011இல் வெளியானது. கேள்விக்கு ஆளானவர்கள் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கியிருக்கவில்லை. சிறிதளவு குறைத்திருந்தார்கள். தன் பழக்கத்தைத் தானே எண்ணி எழுதும்போது ஆள் கொஞ்சம் யோசிப்பான் போலிருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே குடிக்கிறவர்கள், உங்கள் மகளைவிட மூத்தவர்கள். குடிக்காத 14 வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. அவளைப் பற்றி நான் சொல்வது வேறு. மது என்று ஒன்று இருப்பது அவளுக்குக் கேள்வித்தாளைப் பார்த்தா தெரியவரப் போகிறது? திரையிலும் பேச்சிலும் அது எப்போதோ அவளைச் சுற்றி வந்தாகிவிட்டது. ஒழுங்காகத் தயாரித்த கேள்வித்தாளில் ‘குடித்ததே இல்லை’ என்று குறித்தவுடன் அடுத்த ஒரு பக்கத்தைத் தாண்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு, எங்கே, யாரோடு என்பதெல்லாம் அவள் கண்ணில் விரிவாகப் படக்கூட வேண்டியதில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய கேள்வி ஒரு வகை உண்டு. ‘இந்த வயதில் எல்லாரும் குடிப்பார்கள்’ என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட கேள்வி. தங்கள் வயதுக்காரர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை இளைஞர்கள் உண்மையைவிடக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. அந்தத் தப்புக் கணக்குக்குக் கேள்வித்தாள் தீனி போடக் கூடாது. ஆகவே நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். காட்ட மாட்டோம் என்றால், மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், சேர்க்காதீர்கள்.

சரி, பதில்களை ஏன் உங்களிடம் காட்டுவதில்லை? காட்டுவோம் என்று சொன்ன மறு நிமிடமே எல்லாப் பிள்ளைகளும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள். குடிக்காதவள் எழுதும் ‘இல்லை’யும் குடித்தவன் எழுதும் ‘இல்லை’யும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்தக் காகிதங்களை எடைக்குப் போடலாம். ரகசியம் காக்கும்போதுகூட இந்தச் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. 14 வயதில் ‘ஒரு முறை குடித்தேன்’ என்று எழுதிய பிள்ளை, 16 வயதில் ‘வாழ்நாளில் தொட்டதே இல்லை’ என்று எழுதுவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஒரே ஆளை மறுபடி மறுபடி கேட்பதால்தான் இது பிடிபடுகிறது. எதிர்த் திசையில், வீரம் காட்டக் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். 1995இலிருந்து நான்கு வருடத்துக்கு ஒரு முறை பல நாட்டு மாணவர்களிடம் நடக்கும் எஸ்பாட் ஆய்வில், போதைப்பொருள் பட்டியலுக்கு நடுவே ‘ரெலெவின்’ என்று ஒரு பெயரைச் செருகினார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. அதையும் பயன்படுத்தியதாகச் சொல்கிற ஆளின் மற்ற பதில்களை எப்படி நம்புவது? நல்லவேளையாக, அப்படிச் சொல்கிறவர்கள் மிகச் சிலர்தான்.

ரகசியம் காக்கும் வேலை நடக்கும் விதத்தையும் சொல்கிறேன். உங்கள் மகளின் பெயரும் முகவரியும் ஓர் இடத்தில், பதில்கள் இன்னோர் இடத்தில், இரண்டையும் இணைக்கும் எண் பூட்டி வைத்த மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். என்னைப் போல அலசுகிறவன் மேசைக்கு வருவது எண்ணும் பதில்களும் மட்டுமே. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது யாருடைய பெண் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பள்ளிக்கும் பதில்கள் போகக் கூடாது. பெற்றோர் பலரும் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இந்த ரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றோ, யாரோ அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ தெரியவந்தால் ஆய்வுக் குழு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அப்போது யாரிடம் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்பது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். குடிக்கிறவர்களை மட்டும் கேட்டால், குடிக்காமல் இருந்திருந்தால் அவர்கள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதை எதை வைத்துச் சொல்வது? அதே வயது, அதே பள்ளி, ஏறக்குறைய அதே வீட்டுச் சூழல், ஆனால் குடிக்காத பிள்ளை ஒன்று ஒப்பிடக் கிடைக்க வேண்டும். உங்கள் பெண் கடைசிவரை ‘இல்லை’ என்றே எழுதினாலும் அவள் தாளுக்கு அதே மதிப்புத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். 15 வயதுக்கு முன்பே மதுவும் போதைப்பொருளும் பழகியவர்கள் 32 வயதில் எப்படி இருக்கிறார்கள் என்று அதை வைத்து 2008இல் ஒரு கட்டுரை வந்தது. சீக்கிரம் பழகியவர்களில் சுமார் பாதிப் பேர், அதற்கு முன் எந்த வம்புதும்புக்கும் போகாத பிள்ளைகள். ‘இது அடங்காத பிள்ளை, இப்படித்தான் போகும்’ என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அப்படிப்பட்ட அந்தப் பாதிப் பேருக்கும் பிற்காலத்தில் போதைக்கு அடிமையாவது, சின்ன வயதிலேயே கர்ப்பமாவது, வழக்குகளில் மாட்டுவது போன்ற ஆபத்துகள் கூடியிருந்தன. ‘அடங்காத பிள்ளைகள்’ என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுப் பிரித்திருந்தால் அந்தப் பாதிப் பேர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். உங்கள் பெண்ணைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பது யாருக்கும் தெரியாத வயதில்தான் இப்படிப்பட்ட ஆய்வைத் தொடங்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

11 வருடம் எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசை.

பின்தொடராமலே பதில் தேடும் குறுக்குவழி ஒன்று உண்டு. பெரியவர்களைப் பிடித்து, ‘முதன்முதலில் எத்தனை வயதில் குடித்தாய்?’ என்று கேட்டுவிடுவது. அமெரிக்காவில் அப்படி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தி 1997இல் வெளியிட்ட முடிவு இன்றும் மேடைதோறும் முழங்குகிறது. 14 வயதிலோ அதற்கு முன்போ தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். படித்தவுடன் பகீரென்கிறது, இல்லையா? ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது. முதலாவது ஞாபகம். வயது ஏற ஏற, தான் தொடங்கிய வயதையும் ஆள் தன்னையறியாமல் ஏற்றிச் சொல்வான். இரண்டாவது இன்னும் கடினம். 13 வயதில் ஒரு பிள்ளை கையில் மது கிடைக்கிறது என்றால், அந்த வீட்டில், அந்தத் தெருவில், அந்தப் பிள்ளையின் சுபாவத்தில் ஏற்கெனவே ஏதோ இருக்கலாம். பின்னால் வந்த கேட்டுக்குக் காரணம் அந்த முதல் வாயா, அதற்கு முன்பே இருந்த அந்த ஏதோ ஒன்றா?

இரட்டையர்களை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டையர்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு, தொடங்கும் வயதுக்கும் பிற்கால அடிமைத்தனத்துக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் குடும்பத்திலிருந்தே வருகிறது, முதல் வாய் மது தன்னளவில் அதை உண்டாக்குவதாகத் தெரியவில்லை என்றது. டுனிடின் கட்டுரை அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. குழந்தைப் பருவப் பின்னணியைச் சரிக்குச் சரியாகப் பொருத்தி ஒப்பிட்ட பிறகும், சீக்கிரம் பழகியவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்தது என்கிறது. என்னைக் கேட்டால் இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒரு வாய் ருசி பார்த்ததற்கும், 15 வயதுக்குள் பல தடவை குடித்துப் பழகியதற்கும் வித்தியாசம் உண்டு. ‘தொடங்கிய வயது’ என்ற ஒரே கட்டத்துக்குள் இரண்டையும் போட்டு அடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் வாய், முதல் முழுக் கோப்பை, முதல் போதை, அப்புறம் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்று வருடாவருடம் தனித்தனியாகக் கேட்டுக் குறித்தால்தான் முடிச்சு அவிழும். உங்கள் மகளிடம் கேட்கப் போவதும் அதுதான்.

பின்தொடர்ந்து கண்டுபிடித்ததில் பெற்றோருக்கு நேரடியாகப் பயன்பட்டது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ‘வெளியே போய்த் திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு, வீட்டிலேயே நம் கண்முன்னால் கொஞ்சம் பழக்கிவிட்டால் அளவோடு நிற்பான்’ என்ற நம்பிக்கை பல நாட்டுப் பெற்றோரிடம் இருக்கிறது. கேட்க விவேகமாகவும் இருக்கிறது. 1,927 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஏழாம் வகுப்பு வாக்கில் தொடங்கி ஆறு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2018இல் முடிவு வந்தது. பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வெளியாட்களிடமிருந்தும் மது பெறும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் கூடியிருந்தது. ஒரே மூச்சில் நிறையக் குடிப்பது போன்ற தீங்குகளும் குறையவில்லை, கூடத்தான் செய்தன. ஒரு வருட ஆய்வில் இது பிடிபட்டிருக்காது. கொடுத்தது முதலா, கேட்டது முதலா என்று பிரிக்கவே பல வருடம் வேண்டும்.

குடிக்கத் தொடங்கிய எல்லாரும் அதிலேயே மூழ்குவதில்லை என்பதும் பின்தொடர்ந்தவர்கள் சொன்னதுதான். இருபதுகளின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், வேலை, கல்யாணம், குழந்தை என்று வரும்போது தானாகவே குறைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். குறைக்காமல் அப்படியே போகிறவர்களும் உண்டு. இந்த இரு கூட்டமும் 18 வயதில் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் மகளின் ஆய்வை 25 வரை நீட்டியிருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகை ஆய்வும் உண்டு. அதில் ஆளைப் பின்தொடர மாட்டார்கள், வகுப்பைப் பின்தொடர்வார்கள். அமெரிக்காவில் 1975 முதல் ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டு வருகிறார்கள். கடந்த 30 நாளில் குடித்ததாகச் சொன்னவர்கள் 1970களின் கடைசியில் பத்துக்கு ஏழு பேர், 2023இல் நாலுக்கு ஒருவர். ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் கடந்த மாதம் போதையாகும் அளவுக்குக் குடித்தவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். அங்கே கணக்கெடுப்போடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் கற்கப் பணம் ஒதுக்கினார்கள், பெற்றோரை ஒன்றுகூட்டி இரவு வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள், வருடாவருடம் வந்த எண்களை அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் திருப்பிக் காட்டினார்கள். எதனால் எவ்வளவு குறைந்தது என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் கேட்டு எழுதி வைத்திருக்காவிட்டால், குறைந்தது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

கையெழுத்துக்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது, இதற்குப் பணம் கொடுப்பது யார் என்பது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அமெரிக்காவில் பெரியவர்களிடம் மிதமான குடி இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க, சுமார் 10 கோடி டாலரில் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். பணத்தில் பெரும்பகுதி மது நிறுவனங்களிடமிருந்து வந்ததும், அதை ஏற்பாடு செய்த விதமும் வெளியே வந்ததும், 2018இல் அரசே அதை நிறுத்திவிட்டது. உங்கள் படிவத்தில் மது வணிகத்தோடு தொடர்புள்ள பணம் இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அப்புறம், கேள்வித்தாள் மட்டும்தானா, எச்சில், ரத்தம், மூளை ஸ்கேன் என்று பின்னால் ஏதாவது வருமா என்று கேளுங்கள். வருமென்றால் அதற்குத் தனி ஒப்புதல் கேட்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதி எண் இருக்கிறதா, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாமா, விலகினால் பழைய பதில்களை என்ன செய்வார்கள் என்பதெல்லாம் படிவத்திலேயே இருக்கும். பொறுமையாகப் படித்தால் போதும்.

சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. கேள்வித்தாள் எழுதிவிட்டு வரும் நாளில், ‘என்ன கேட்டார்கள், நீ என்ன போட்டாய்?’ என்று விசாரிக்காதீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் அடுத்த வருடப் பதில் இப்போதே மாறிவிடும். அதே சமயம், ஆய்வில் இருக்கிறாள், ஏதாவது என்றால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். ஆய்வு குறித்து வைக்கும், வைத்தியம் பார்க்காது. அவள் யாரோடு பழகுகிறாள், மாலையில் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்து வைத்திருப்பதும், ‘இந்த வயதில் மது கூடாது’ என்பதை வீட்டில் ஒரே குரலில் சொல்வதும் உங்கள் இருவர் வேலை. என்றாவது தூக்கம், படிப்பு, சிநேகிதம் எல்லாம் ஒரே சமயத்தில் தடம் மாறினால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள், அடுத்த கேள்வித்தாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பணம் எங்கிருந்து வருகிறது, பதில்கள் எங்கே போகின்றன, ஆபத்து என்றால் என்ன செய்வார்கள் ஆகிய மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் போடலாம். ஆனால் கடிதம் முழுக்க நீங்களும் உங்கள் கணவரும்தான் பேசுகிறீர்கள், மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே அவளுக்கென்று இன்னொரு கோடு படிவத்தில் இருக்க வேண்டும். 11 வருடம் உட்கார்ந்து எழுதப் போகிறவள் அவள்தான். படிவத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், புரியாததை ஆய்வுக் குழுவிடம் அவளே கேட்கட்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒழுங்கான ஆய்வாக இருந்தால், நீங்கள் சம்மதித்திருந்தாலும் அவள் விருப்பம் இல்லாமல் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.